சம்பந்தி கேட்ட எக்ஸ்ரே படம்

சாலைக் கடைத்தெரு,
திருவனந்தபுரம்,
12-9-1974

மகா கனம் பொருந்திய சம்பந்தி கோமதிநாயகம் பிள்ளை அவர்கள் சமூகத்துக்கு, வன்னியபெருமாள் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும், என் சம்சாரம் மாடம்மாளும், பேறுகாலத்துக்கு வந்திருக்கும் நம் நாச்சியாரும், அவள் வயிற்றில் இருக்கிற ஆளோ ஆட்களோ, எல்லோரும் சுகம். கல்லிடைக்குறிச்சியில் தாங்களும் மதினி உச்சிமாகாளி அம்மாளும் சுகமாக இருக்கவும், தங்கள் வயலுக்குக் கால்வாய்த் தண்ணீர் குறையாமல் வரவும் பழவங்காடிப் பிள்ளையாரிடம் தினமும் சொல்லி வருகிறேன். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆவணி மாதத்தில் மட்டும் தாங்கள் எழுதிய நான்கு கடிதங்களும் வந்து சேர்ந்தன. நான்கிலும் ஒரே கேள்வி. நாச்சியாருக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்றா, வயிற்றில் ஒன்றா இரண்டா, படத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பவும். சம்பந்தி, படம் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். சாப்பிட்டுவிட்டு வந்து சாய்ந்து உட்கார்ந்து வாசிக்கவும்.

எக்ஸ்ரே என்றால் எனக்குப் பயம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். அந்த மிஷினுக்கு என்னைப் போல ஒரு விசுவாசி இந்தச் சாலைத் தெருவிலேயே கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கடையில் உளுந்து மூட்டை சரிந்து என் முழங்காலில் விழுந்தபோது, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஒரு படம் எடுத்தார்கள். மறுநாள் வலி பாதியாகக் குறைந்தது. மூன்றாம் நாள் எழுந்து நடந்தேன். எண்ணெய் இல்லை, கட்டு இல்லை, படம் ஒன்றுதான். அது வைத்தியம் இல்லை, உள்ளே இருப்பதைப் பார்க்கிற வழி மட்டும்தான் என்று எத்தனையோ பேர் எடுத்துச் சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் படத்தைக் கடை முகப்பில் வெளிச்சம் படுகிற இடத்தில் தொங்கவிட்டு, முதுகுவலி, தலைவலி, தூக்கமில்லை என்று எவன் வந்தாலும் போய் ஒரு படம் எடும் வே என்று அனுப்பி வைத்தேன். என் பேச்சைக் கேட்டு வருஷத்துக்கு ஒருமுறை நல்லநாள் பார்த்து நெஞ்சைப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் இந்தத் தெருவில் நாலு பேர் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட என்னிடம் தாங்கள் படம் கேட்டால் எனக்குக் கசக்கவா செய்யும்?

தவிரவும், சம்பந்திக்குள் மறைத்து என்ன ஆகப்போகிறது. தாங்கள் படம் கேட்டது தொட்டிலுக்காக. ஆசாரி ஒரு தொட்டிலுக்கு மரம் அறுப்பதா, இரண்டுக்கு அறுப்பதா என்று தினமும் வந்து நிற்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நான் ஆசைப்பட்டது வேறு ஒன்றுக்காக. நம் வழக்கப்படி முதல் பேரனுக்கு அப்பனைப் பெற்றவர் பெயர். அதாவது தங்கள் பெயர். அம்மையைப் பெற்றவன் பெயர் இரண்டாமவனுக்குத்தான். நாச்சியார் எனக்கு ஒரே மகள். இந்தக் காலத்துப் பிள்ளைகள், சுவருக்குச் சுவர் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள், முதல் பிள்ளையே போதும் என்று நிறுத்திவிட்டால் நான் யாரிடம் போய் முறையிடுவது? ஒரே தடவையில் இரண்டு பேராக வந்துவிட்டால் வன்னியபெருமாள் என்கிற பெயரும் இந்தப் பூமியில் ஒரு மூலையில் நிற்கும். வயிறும் அதற்கு ஏற்ற மாதிரிதான் பெரிதாகத் தெரிந்தது. இதையே நினைத்து நினைத்து, கடையில் எடைக்கல்லை எடுத்தால்கூடக் கை இரண்டு கல்லாக எடுக்க ஆரம்பித்துவிட்டது.

கோட்டைக்குள் இருக்கிற டாக்டர் பிச்சுமணி ஐயரிடம் நாச்சியாரைக் காட்டினேன். எங்கள் வீட்டுக்கு இருபது வருஷமாக அவர்தான் டாக்டர். வயிற்றை அங்கும் இங்கும் அமுக்கிப் பார்த்துவிட்டு, இரண்டு தலை மாதிரியும் இருக்கிறது, ஒரு தலையும் ஒரு பிருஷ்டமும் மாதிரியும் இருக்கிறது என்றார். “ஒரு படம் எடுத்துப் பாத்துடலாமே ஓய், ஒரு விநாடி வெளிச்சம்தானே” என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார். சீட்டின் மை காய்வதற்குள் நான் மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறை வாசலில் நின்றேன்.

அங்கேதான் சம்பந்தி, சுசீலாபாய் என்கிற அந்த அம்மாளைச் சந்தித்தேன். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், படம் எடுப்பதில் பதினைந்து வருஷப் பழக்கம். சட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வில்லை குத்தியிருந்தார். அதற்குள் ஒரு துண்டு ஃபிலிம் இருக்கிறதாம். அவர் மேல் எவ்வளவு கதிர் படுகிறதோ அவ்வளவு கறுக்குமாம். மாதாமாதம் அதைப் பம்பாய்க்கு அனுப்பி, இவர் எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்று பார்க்கிறார்களாம். அவர் சீட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்தார். நாச்சியாரிடம் வலி உண்டா, உதிரம் பட்டதா, தலைசுற்றல் உண்டா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றாள். உடனே என் பக்கம் திரும்பி, “பின்ன இது எதுக்காக்கும் அண்ணாச்சி?” என்றார். ஒன்றா இரண்டா என்று தெரிந்துகொள்ள என்றேன். “ரெண்டுன்னு தெரிஞ்சா டாக்டர் வேற என்ன செய்யப்போறாரு? அத எழுதி வாங்கிட்டு வாங்க. நான் எடுக்கேன்.”

நான் திரும்பவும் கோட்டைக்கு ஓடினேன். பிச்சுமணி டாக்டர் சிரித்தார். வேறு என்ன செய்வது, அதே ஓய்வு, அதே இரும்பு மாத்திரை, அதே பால், தெரிந்துகொண்டால் நல்லதுதானே என்றார். தான் இப்படி நூற்றுக்கணக்கில் படம் எடுக்கச் சொல்லியிருப்பதாகவும், அந்தப் பிள்ளைகள் எல்லாம் இப்போது காலேஜுக்குப் போய்க்கொண்டு வாத்தியார்களின் உயிரை எடுப்பதாகவும் சொன்னார். இதைக் கொண்டுபோய் சுசீலாபாயிடம் ஒப்பித்தேன். அவர் கோபப்படவில்லை. சீமையில் ஆயிரக்கணக்கான தாய்மாரைக் கேட்டு எழுதிப் பார்த்திருக்கிறார்களாம். வயிற்றில் இருக்கும்போது படம் எடுத்த பிள்ளைகளில் ரத்த வியாதி கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறதாம். அதை ஒப்புக்கொள்ளாத பெரிய டாக்டர்களும் உண்டாம். “உண்டுன்னும் அடிச்சுச் சொல்லமாட்டேன், இல்லன்னும் சொல்லமாட்டேன். தெரியாத காரியத்துக்கு ஒரு காரணம் வேணும் அண்ணாச்சி. பேரு வைக்கதுக்கு உள்ள மிசின் இல்ல இது.” பெயர் விஷயம் இவருக்கு எப்படித் தெரியும் என்று பார்த்தால், பெஞ்சியில் உட்கார்ந்திருந்த நாச்சியார் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

விஷயம் கடைத்தெருவுக்கு வந்தது. நான்தான் கொண்டுவந்தேன். எதிர்க்கடை அரிசி வியாபாரி தாணுமாலையன் காலையில் இரண்டு பத்திரிகை வாசிக்கிறவர், அதனால் நாள் முழுவதும் எதிர்வாதம் செய்கிறவர். நான் சொன்னேன், நூறு கிலோ மூட்டை ஒரேயடியாக விழுந்தால் முதுகு ஒடியும், அதையே தினம் ஒரு கிலோவாக நூறு நாள் தூக்கினால் ஒடியுமா, ஓர் அளவுக்குக் கீழே எதுவும் ஒன்றும் செய்யாது என்று. அவர் சொன்னார், கூரையில் ஒழுகுகிற தண்ணீரில் ஒவ்வொரு சொட்டும் சொட்டுதான், எந்தச் சொட்டுக்குச் சுவர் இளகும் என்று உமக்குத் தெரியுமா என்று. நான் கொல்லம் கடற்கரையை எடுத்து வீசினேன். அங்கே கருமணலில் அந்தக் கதிர் தன்னாலேயே வருகிறது, ஜனங்கள் அதன் மேலேயே படுத்து எழுந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று வாழவில்லையா என்று கேட்டேன். “அவன் மணலை விட்டுப்போக வழியில்லாம கெடக்கான். நீரு மகளக் கூட்டிட்டுப் போயி மணலை வாங்குதீரு” என்றார் தாணுமாலையன். மத்தியானத்துக்குள் தெரு இரண்டு கட்சியாகிவிட்டது. மூட்டையை உதாரணம் சொன்னதால் சுமைக்காரர்கள் முழுக்க என் பக்கம். வீட்டில் கூரை ஒழுகுகிறவர்கள் எல்லாம் அவர் பக்கம். இந்தத் தர்க்கத்துக்கு நடுவே இரண்டு மாடுகள் நிதானமாக வந்து என் கடைவாசலில் இருந்த காணப்பயற்றில் கால் மூட்டையைத் தின்றுவிட்டுப் போயின. ஆனாலும் வாதத்தில் ஜெயித்தது நான்தான். என் குரல்தான் பெரியது.

ஜெயித்த கர்வத்தில் ஒரு காரியம் செய்தேன். போன வெள்ளிக்கிழமை, பழவங்காடியில் நாச்சியார் கையால் ஒரு விடலைத் தேங்காய் விடவேண்டும் என்று மாடம்மாளிடம் சொல்லி, டாக்சி பிடித்து அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பொய் சொன்னதாக ஆகக்கூடாது என்று தேங்காயும் விட்டோம். அங்கிருந்து டாக்சியை நேரே ஊரின் மறுகோடியில் இருக்கிற ஒரு நர்சிங் ஹோமுக்கு விடச் சொன்னேன். எங்கே போகிறோம் என்று நாச்சியார் கேட்டாள். காற்றாட என்றேன். அங்கே எக்ஸ்ரே அறைக் கதவு திறந்தது. உள்ளே இருந்து வந்தவர் சுசீலாபாய். வாரத்தில் மூன்று சாயங்காலம் அவருக்கு இங்கேயும் வேலையாம். “வாங்க அண்ணாச்சி, பேரு இன்னும் வைக்கலியா?” என்றார்.

அப்போதாவது நான் தலையைக் குனிந்துகொண்டு திரும்பியிருக்கலாம். இல்லை. இவ்வளவு பொல்லாத கதிர் என்றால் நீங்கள் எப்படித் தினமும் இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஆணியில் தொங்கிய ஒரு சட்டையைக் காட்டினார். முன்பக்கம் மட்டும் மூடுகிற மாதிரி, உள்ளே ஈயத்தகடு வைத்தது. மூட்டையைக் கையால் தூக்கியே எடை சொல்கிறவன் நான், சும்மா இருப்பேனா? வாங்கி மாட்டிக்கொண்டு, ஆறரைக் கிலோ என்றேன். சரியாகச் சொன்னீர்கள் என்றார். அந்தச் சந்தோஷத்தில் அப்படியே இரண்டு நடை நடந்தேன். பின்னால் வார் என் இடுப்பு வேட்டியோடு சேர்ந்து முடிச்சு விழுந்துவிட்டது. அவிழ்த்தால் இரண்டும் அவிழும் போலிருந்தது. அந்தக் கோலத்தில் நான் நிற்கும்போதுதான் அவர் சொன்னார். “இது எனக்கு. நான் வளந்த ஆளு. எனக்கே இத இட்டுட்டு, செவருக்க அந்தப் பக்கம் நின்னு சுவிச்சு போடச் சொல்லியிருக்கு. உள்ள கெடக்க பிள்ளைக்கு எத உடுத்துவீங்க அண்ணாச்சி?”

நாச்சியாரைப் பார்த்தேன். அவள் கண் நிறைந்திருந்தது. தங்களுக்குத் தெரியும், அவள் பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை. மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், மனசு நொந்தால் மலையாள வார்த்தைதான் முதலில் வரும். “மதி அப்பா, மதி” என்றாள், போதும் என்று. “ஒண்ணோ ரெண்டோ, ஒரு குறையுமில்லாம வந்தாப் போதும் எனக்கு. உங்க பேரு நிக்கதுக்கு எம்பிள்ள எதுக்கு அந்த மிசினுக்குக் கீழ கெடக்கணும்?” சம்பந்தி, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த ஈயச் சட்டைக்குள் நின்றபடியே அழுதுவிட்டேன். முடிச்சை சுசீலாபாய்தான் அவிழ்த்துவிட்டார், வேட்டிக்குச் சேதமில்லாமல்.

வீட்டுக்கு வந்தால் மாடம்மாளிடம் எதையும் மறைக்க முடியவில்லை. அவள் சத்தம் போடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “சும்மா வந்து மூட்டையைக் குத்திப் பாக்குதவனை நீங்க என்ன சொல்லி வெரட்டுவிய?” அதோடு தோசைக்கு அரைக்கப் போய்விட்டாள். தாங்கள் விவசாயி, மொத்தக் கடை வழக்கம் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே இருக்கிற சரக்கைப் பார்க்கக் குத்தூசி என்று ஒன்று வைத்திருப்போம். கூரான குழாய். சாக்கில் குத்தி இழுத்தால் ஒரு பிடி தானியம் கூடவே வரும். வாங்குகிறவனுக்கு ஒரு குத்து உண்டு. வேடிக்கை பார்க்க வந்தவனுக்குக் குத்து கிடையாது. குத்தின ஓட்டை சின்னதுதான், பெரும்பாலும் சாக்கு தானே மூடிக்கொள்ளும். ஆனால் எந்த ஓட்டை மூடும், எந்த ஓட்டை ஒழுகும் என்று முப்பது வருஷம் கடை வைத்திருக்கிற எனக்கே தெரியாது. அதனால்தான் சும்மா குத்துகிறவனைத் தெருமுனை வரைக்கும் விரட்டுகிறேன். உளுந்துக்கு இவ்வளவு பார்க்கிறவன் பேரப்பிள்ளைக்குப் பார்க்கவில்லை. மறுநாள் முழுவதும் கடைக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது முடிவுக்கு வருகிறேன். அதற்கும் மறுநாள் காலையில் கடை முகப்பில் தொங்கின முழங்கால் படத்தைக் கழற்றிவிட்டேன். வருஷாவருஷம் நெஞ்சுப் படம் எடுக்கிற நாலு பேரையும் கூப்பிட்டு இனி எடுத்தால் என் கடைப்படி ஏறவேண்டாம் என்றேன். தாணுமாலையனிடமே போய் அவர் கட்சியில் சேர்ந்துகொண்டேன். அவர் இப்போது எதிர்வாதத்துக்கு ஆளில்லாமல் வாடிப்போயிருக்கிறார். பிள்ளையார் முன்னால் நின்று சத்தியமும் செய்திருக்கிறேன். இனி நாச்சியார் மேல் எந்தக் காரணத்துக்கும் அந்தக் கதிர் பட விடமாட்டேன். எந்தக் காரணத்துக்கும் என்பதைக் கீழே கோடு போட்டு எழுதியிருக்கிறேன், கவனிக்கவும். யார் சீட்டு எழுதினாலும், யார் கெஞ்சினாலும், வாசலில் குறுக்கே படுத்துத் தடுப்பேன். தாங்களும் ஊர்க் கோயிலில் இதே மாதிரி ஒரு சத்தியம் செய்துவிடுவது நல்லது. படம் கேட்டு இனி கடிதம் எழுத வேண்டாம். ஆசாரியை மரத்தை அறுக்காமல் பொறுத்திருக்கச் சொல்லவும். என் தந்தி வருகிற வரைக்கும் தாங்கள் இங்கே புறப்பட்டு வரவும் வேண்டாம். வந்தால் பேச்சு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

தூத்துக்குடியில் இருக்கிற மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். தங்களுக்கு எழுதிய கடிதத்தில் அப்பா சொல்வது சரி என்றும், எனக்கு எழுதியதில் மாமா சொல்வது சரி என்றும் எழுதியிருக்கிறார். பிழைத்துக்கொள்வார். மதினிக்கு மாடம்மாள் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். இரண்டு வீட்டிலும் விளக்கு குறைவில்லாமல் எரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்கு எப்போதும் கட்டுப்பட்ட (இந்த ஒரு விஷயம் நீங்கலாக),
வன்னியபெருமாள்

பின்குறிப்பு. 15-9-1974, ஞாயிறு சாயங்காலம். மேலே உள்ள கடிதத்தைக் கடைத் தராசில் போட்டுப் பார்த்ததில் ஒட்டின தபால்தலை போதாது என்று தெரிந்து, மூன்று நாளாக மேஜையிலேயே கிடந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று. இன்று காலை நாச்சியாருக்கு வலி கண்டது. நாள் இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே லேடி டாக்டர் கை வைத்துப் பார்த்துவிட்டு முகம் மாறினார். உள்ளே யார் எப்படிக் கிடக்கிறார்கள் என்று தெரியாமல் தொடமாட்டேன், உடனே படம் வேண்டும் என்றார். நான் சத்தியம் செய்தவன் அல்லவா, நேரே போய் எக்ஸ்ரே அறை வாசலில் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றுவிட்டேன். சர்ச்சில் ஆராதனைக்கு இருந்த சுசீலாபாய் பாதியில் எழுந்து, கையில் பைபிளோடு ஓடிவந்தார். அவர் எனக்குச் சொல்லித்தந்த பாடம் முழுவதையும், சீமைத் தாய்மார், ஈயச் சட்டை ஒன்று விடாமல், நான் அவரிடமே ஒப்பித்தேன். அவர் என் தோளில் கை வைத்தார். “அண்ணைக்குக் காரணம் இல்ல அண்ணாச்சி. இண்ணைக்கு உண்டு. வழி விடுங்க.”

விட்டேன். சத்தியத்தைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். ஒரே ஒரு படம். ஈரம் சொட்டச் சொட்டத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். உள்ளே இரண்டு பேர். முதல் ஆள் தலை கீழாக ஒழுங்காக இருந்தது. இரண்டாவது ஆள் குறுக்கே படுத்திருந்தது. லேடி டாக்டர் ஆபரேஷன் கத்தி, ஏற்றுவதற்கு ரத்தம், மயக்கமருந்து டாக்டர் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு தொடங்கினார். பதினொன்றரைக்கு முதல் ஆள் தானாக வந்தது. இரண்டாவதை உள்ளேயே திருப்பி எடுத்தார்கள். கத்திக்கு வேலை வரவில்லை. படம் இல்லாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் கை கழுவப் போய்விட்டார். நாச்சியார் சுகம். குழந்தைகள் சுகம். என் கைக் கணக்குக்கு இரண்டும் சேர்த்து நாலரைக் கிலோ, நர்ஸின் தராசும் அதையேதான் சொல்லிற்று.

இரண்டும் பெண்கள். ஆவணி மாதம் முழுக்க நாம் இரண்டு பேரும் பேரன் பேரன் என்று எழுதிக்கொண்டிருந்தோமே, இப்படியும் ஒன்று உண்டு என்று தங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எக்ஸ்ரேயில் ஆணா பெண்ணா என்பது தெரியாது என்று சுசீலாபாய் இன்றைக்குத்தான் சொல்கிறார். நாம் கேட்கவில்லையாம். ஆகவே அதே வழக்கப்படி மூத்தவளுக்கு உச்சிமாகாளி, இளையவளுக்கு மாடம்மாள். பள்ளிக்கூடத்துப் பெயரைத் தானே வைத்துக்கொள்வதாக நாச்சியார் சொல்லியிருக்கிறாள். அதில் நமக்குப் பேச்சில்லை.

மேலே வரவேண்டாம் என்று எழுதியதை அடித்துவிடவும். ஆசாரியிடம் இரண்டு என்று சொல்லவும். படத்தை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள், பதிவுத் தபாலில் வராது. கடிதம் கண்ட மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே மதினியைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரவும். பெயருக்கு உரியவர்கள் அவர்கள்தான். தாங்கள் பெட்டி தூக்க வரலாம். இங்கே நானும் காலையிலிருந்து அந்த வேலைதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.